கடைசி காலம்னா இனி எதுக்குப் படிக்கணும், எதுக்குக் கல்யாணம்? எரேமியா வாங்கின நிலத்த வெச்சு ஒரு பதில்

கேள்வி கேட்ட தம்பி சொன்னதோட சாரம் இதுதான்: வாட்ஸ்அப்ல தினமும் கடைசி காலச் செய்தி வருது, யுத்தம், பூமியதிர்ச்சி, அந்திக்கிறிஸ்துன்னு ஒரே பயமா இருக்கு, எல்லாம் முடியப்போகுதுன்னா மேல படிக்கிறதும் கல்யாணம் பண்றதும் எதுக்கு, தீர்க்கதரிசனம் படிச்சா நம்பிக்கை வரணும்ங்கறாங்க, எனக்கு ஏன் வரல, வெளிப்படுத்தின விசேஷத்தத் திறக்கவே பயமா இருக்கே, அத எப்படித்தான் படிக்கிறது. நல்ல கேள்வி, நிறைய பேர் மனசுல வெச்சுட்டு வெளிய கேக்காம இருக்கற கேள்வி. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல பைபிள்ல எரேமியா தீர்க்கதரிசியோட புஸ்தகம், 29:11. புது வருஷ ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுத்தா நம்மள்ல பாதி பேருக்கு இந்த வசனம் ஒரு வருஷமாவது வந்திருக்கும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்". வீட்டு ஹால்ல பிரேம் போட்டு மாட்டியிருப்போம். ஆனா இதுக்கு ஒரு வசனம் முன்னாடி, 29:10ல, 70 வருஷம்னு இருக்கு பாருங்க. அத யாரும் பிரேம் போடறதில்ல. எனக்கு இந்த ரெண்டு வசனமும் சேர்ந்து இருக்கற இடத்துலதான் தீர்க்கதரிசனத்தோட முழு பலமும் இருக்குன்னு தோணுது.

நடந்தது என்னன்னா, கி.மு. 597ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவோட தலைநகரம் எருசலேம பிடிச்சு, ராஜா யோயாக்கீனையும் (எரேமியாவுல எகொனியான்னு வரும்) பிரபுக்களையும் தச்சர் கொல்லர் எல்லாரையும் பாபிலோனுக்குக் கொண்டு போயிட்டான். ஊர்ல சிதேக்கியாவ பொம்மை ராஜாவா உக்கார வெச்சான். போனவங்க மனசுல ஒரே எண்ணம், எப்ப திரும்புவோம்ங்கறது. அந்த நேரம் பாத்து கிபியோன் ஊர்க்காரர் அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி தேவாலயத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, ரெண்டே வருஷம், ராஜாவும் வருவார், தேவாலயத்துப் பணிமுட்டுகளும் வரும்னு சொல்லிட்டார். கர்த்தர் உரைக்கிறார்னுதான் சொன்னார், அதே தொனி, அதே வார்த்தை. எரேமியாவோ அப்ப கழுத்துல நுகத்தடி மாட்டிக்கிட்டு, பாபிலோனுக்கு அடங்கி இருங்க, இது சீக்கிரம் முடியாதுன்னு சொல்லிட்டிருந்தார். அனனியா அந்த நுகத்த எடுத்து உடைச்சே போட்டார்.

இதுல எரேமியாவோட முதல் பதில் என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக". 28:6 பாருங்க. அவருக்கும் அதுதான் ஆசை! ஜனங்க சீக்கிரம் திரும்பணும்னு அவர் மனசும் ஏங்குச்சு, ஆனா நமக்கு ஆசையா இருக்குங்கறதுக்காக ஒண்ண தேவன் சொன்னதா சொல்லிட முடியாதுல்ல. நுகத்த உடைச்சதும் அவர் அங்க சண்டை போடல, தன் வழியே போயிட்டார்னு எழுதியிருக்கு. அப்புறம் கர்த்தர் வார்த்தை தந்த பிறகுதான் திரும்பி வந்து பேசினார், அதே வருஷம் ஏழாம் மாசம் அனனியா செத்தும் போனார். நம்ம காலத்துல செய்தி சொல்றவங்க எத்தனை பேர் வார்த்தை வர்ற வரைக்கும் காத்திருக்காங்க, சொல்லுங்க.

சரி, 70 வருஷம்னு கேட்டவங்களுக்கு அது என்ன அர்த்தம்? கேட்டவர் 30 வயசுக்காரர்னா அவர் ஊரப் பாக்கப்போறதில்ல, அவர் சாவு பாபிலோன்லதான். அப்படிப்பட்டவங்களுக்குத்தான் எரேமியா கடுதாசி எழுதறார், சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பின ஆளுங்க கையில குடுத்து விடறார். அதுல என்ன எழுதறார்னா வீடு கட்டிக் குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட பலனச் சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்களப் பெறுங்க, பிள்ளைங்களுக்கும் கல்யாணம் பண்ணி வைங்க, உங்கள சிறை பிடிச்சுட்டு வந்த அந்த ஊரோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, அதுக்குச் சமாதானம் இருந்தா உங்களுக்கும் சமாதானம். இதத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். 70 வருஷம்னு சொன்ன அதே கடுதாசியிலதான் தோட்டம் போடுங்கன்னும் இருக்கு. வருங்காலம் தேவன் கையில இருக்குன்னு தெரிஞ்சவன் இன்னிக்கு என்ன பண்ணணும்ங்கறதுக்கு அவர் குடுத்த பதில் அது.

கல்யாணத்தப் பத்தி கேட்டீங்க இல்ல, இதையும் கவனிங்க. கல்யாணம் பண்ணுங்கன்னு கடுதாசி எழுதின எரேமியாவுக்குக் கல்யாணம் ஆகல, பண்ணக்கூடாதுன்னு 16:2ல கர்த்தர் தடுத்துட்டார், வரப்போற அழிவுக்கு அவர் வாழ்க்கையே ஒரு அடையாளமா இருக்கணும்னு. தனக்குக் கிடைக்காத சந்தோஷத்த தூரத்துல இருக்கறவங்களுக்கு ஆசீர்வாதமா எழுதி அனுப்பறார் மனுஷன். அவர் அழுத தீர்க்கதரிசின்னு எல்லாரும் சொல்வாங்க, இந்த மனச யாரும் சொல்றதில்ல.

அந்தக் கடுதாசிய ஜனங்க கேட்டாங்களான்னா, கேட்ட மாதிரிதான் தெரியுது. பாபிலோன் பக்கம் கிடைச்ச களிமண் பலகைகள்ல "யூதாவின் ஊர்"னு பேர் வர்ற ஒரு குடியிருப்பப் பத்தின பத்திரங்க இருக்கு, அதுல பழசு கி.மு. 572ம் வருஷத்தது. எல்லாம் ரொம்ப சாதாரண விஷயம்: நிலக் குத்தகை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், கடன், வரி. நடுவுல யாவேயோட பேர் கலந்த எபிரெயப் பேருங்க, தாத்தா அப்பா பேரன்னு தலைமுறையா. கஷ்டப்பட்டாங்க, வரி கட்டினாங்க, ஆனா வயல்ல வேலை செஞ்சாங்க, பிள்ளைங்களுக்கு கர்த்தரோட பேரையே வெச்சாங்க. யோயாக்கீன் ராஜா பேரும் தனியா கிடைச்சிருக்கு, பாபிலோன் அரண்மனையில அவருக்கும் அவர் அஞ்சு பிள்ளைங்களுக்கும் எண்ணெய் படி அளந்த கணக்குல. இதெல்லாம் படிக்கும்போது எரேமியா 29 எனக்கு மாட்டி வைக்கிற அட்டையா தெரியறதில்ல, யாரோ கையில வாங்கிப் படிச்ச கடுதாசியா தெரியுது.

இப்ப நிலம் வாங்கின கதைக்கு வரேன், 32ம் அதிகாரம். சுமார் கி.மு. 587, எருசலேம சுத்தி பாபிலோன் சேனை. அந்த முற்றுகை காலம் எப்படி இருந்துச்சுன்னு தெரிய ஒரு சின்ன விஷயம் சொல்றேன். லாகீஸ் கோட்டை வாசல் பக்கம் 1935ல தோண்டினப்ப மையில எழுதின ஓட்டுத்துண்டுங்க கிடைச்சுது, ஒண்ணுல ஒரு படைக்காரர் தன் அதிகாரிக்கு எழுதறார், லாகீசோட தீ அடையாளத்தப் பாத்துட்டிருக்கோம், அசெக்கா தெரியலன்னு. எரேமியா 34:7லயும் யூதாவுல மிஞ்சின அரணான பட்டணம் லாகீசும் அசெக்காவும்தான்னு இருக்கு. ஒவ்வொரு வெளிச்சமா அணையுது, அந்த நிலைமை.

எரேமியா அப்ப காவற்சாலை முற்றத்துல கைதி. ஊர் விழும்னு சொன்னதுக்காக. அங்க அவர் அப்பா கூடப்பிறந்தவரோட மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்துல இருக்கற என் நிலத்த நீ வாங்கிக்கோ, மீட்கற உரிமை உனக்குத்தான்னு கேக்கறார். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர், அதாவது முற்றுகைக்கு வெளிய, எதிரி கையில. இன்னொண்ணு, அதே ஆனதோத்துக்காரங்கதான் முன்னாடி எரேமியாவ கொல்லப் பாத்தவங்க, 11:21ல இருக்கு, அவர் சொந்த ஊரு. விலை போகாத நிலம், அவர வெறுத்த ஊரு, வாங்கறவர் ஜெயில்ல. எந்தப் பெரியவர் கிட்ட கேட்டாலும் வேண்டாம்பாங்க.

கர்த்தர் வாங்கச் சொன்னார்னு தெரிஞ்சதும் எரேமியா வாங்கறார். அதையும் எப்படி வாங்கறார்னு வேதம் விவரமா எழுதுது, நம்ம ஊர்ல ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டு வந்தவங்களுக்கு நல்லா புரியும். 17 சேக்கல் வெள்ளி, நம்ம கணக்குல ஏறக்குறைய 190 கிராம், தராசுல நிறுத்துக் குடுக்கறார். கிரயப்பத்திரம் எழுதி முத்திரை போட்டு சாட்சிங்க கையெழுத்து போடறாங்க. முத்திரை போட்டது ஒண்ணு, திறந்தது ஒண்ணு. முற்றத்துல உக்காந்திருந்த யூதர் எல்லார் முன்னாடியும் தனக்கு எழுத்து வேலை செய்யற பாருக்குங்கறவர் கையில குடுத்து, இத ரொம்ப நாள் இருக்கற மாதிரி மண்பாண்டத்துல வைன்னு சொல்றார். இனி இந்த தேசத்துல வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவாங்கன்னு கர்த்தர் சொல்றார்னு. பிரசங்கம் ஒரு வரி, மீதியெல்லாம் பத்திர வேலை. நாளைக்கு விழப்போற ஊர்ல உக்காந்துகிட்டு ஒரு எழுத்து விடாம சட்டப்படி செய்யறார்.

அதுக்கப்புறம் நடக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பத்திரத்தக் குடுத்து முடிச்சுட்டு ஜெபம் பண்றார். உம்மால ஆகாத அதிசயம் ஒண்ணுமில்லன்னு ஆரம்பிச்சு, போகப் போக, ஆண்டவரே, இதோ கொத்தளம் போட்டு ஊரப் பிடிக்க வந்துட்டாங்க, பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் ஊர தின்னுது, இப்பப் போய் என்ன நிலம் வாங்கச் சொன்னீரேங்கற இடத்துல வந்து நிக்கறார். கீழ்ப்படிஞ்ச பிறகு வந்த குழப்பம்! அதனால தம்பி, தீர்க்கதரிசனம் படிச்சும் மனசு கலங்குதுன்னா அது விசுவாசக் குறைச்சல்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்தக் கலக்கத்த ஜெபத்துல எடுத்துட்டுப் போங்க, அவர் போன மாதிரி.

அந்த நிலத்துல எரேமியா ஒரு நாள் கூட விதைச்சதா வேதத்துல இல்ல. எருசலேம் எரிஞ்சுது, மிச்சமிருந்தவங்க எகிப்துக்கு ஓடும்போது அவரையும் கூடவே தக்பானேசுக்கு கொண்டு போயிட்டாங்க, அதுக்கப்புறம் அவர் ஊர் திரும்பினதா வேதத்துல இல்ல. பானைக்குள்ள பத்திரம், வாங்கினவர் அந்நிய தேசத்துல. இங்கதான் நிறைய பேர் நின்னுடுவாங்க, அப்ப அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு. நான் அடுத்து எஸ்றா 2:23 படிங்கன்னு சொல்வேன். கி.மு. 539ல பெர்சியா ராஜா கோரேஸ் பாபிலோன பிடிச்சு, சிறைப்பட்டவங்க திரும்பிப் போகலாம்னு கட்டளை குடுத்த பிறகு யார் யார் ஊர் திரும்பினாங்கன்னு பெரிய பட்டியல் வரும், நம்ம எல்லாம் தாண்டிப் போற அதிகாரம். அதுல ஒரே வரி: ஆனதோத்தூர் மனுஷர் 128 பேர்.

128 பேர். அந்த ஊர் பேர் வாசிச்சதும் எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு நிறைஞ்சு போகும். அவர கொல்ல நினைச்சவங்களோட பேரப்பிள்ளைங்க, அவர் வாங்கி வெச்ச மண்ணுக்கு வந்து சேந்தாங்க. 70 வருஷத்த சிலர் நேபுகாத்நேச்சார் எழும்பின 605ல இருந்து எண்ணுவாங்க, சிலர் ஆலயம் எரிஞ்ச 586ல இருந்து திரும்பக் கட்டி முடிச்ச 516 வரைக்கும் எண்ணுவாங்க, எப்படி எண்ணினாலும் கர்த்தர் தன் வார்த்தைய மறக்கல.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலும் இத நமக்குக் கத்துக் குடுக்கறார். 9ம் அதிகாரத்துல எரேமியாவோட சுருளப் படிச்சு 70 வருஷம் முடியப்போகுதுன்னு கண்டுபிடிக்கறார். கண்டுபிடிச்சதும் என்ன செஞ்சார்? உபவாசம், ரெட்டு, சாம்பல், நாங்க பாவம் செஞ்சோம்னு ஒரு நீண்ட ஜெபம். எங்க தப்புன்னு தன்னையும் சேத்துக்கிறார், அவங்க தப்புன்னு யாரையும் காட்டல. நிறைவேறப்போறது தெரிஞ்சும் முழங்கால்ல நின்னார், தெரிஞ்சதனாலயே நின்னார்னு சொல்லலாம்.

தேதி குறிக்கறவங்களப் பத்தி ரொம்ப நேரம் பேச வேண்டாம்னு நினைக்கறேன், ஆனா பயம் அங்க இருந்துதான் வருதுங்கறதால சொல்றேன். 1844 அக்டோபர் 22 இயேசு வருவார்னு அமெரிக்காவுல வில்லியம் மில்லரப் பின்பற்றினவங்க காத்திருந்தாங்க, அறுவடை பண்ணாம வயல விட்டவங்க கூட உண்டு. 1992 அக்டோபர் 28னு தென்கொரியாவுல ஒரு கூட்டம் சொல்லுச்சு, வேலைய விட்டவங்க, சொத்த வித்தவங்க எத்தனையோ பேர், தலைவரோ 1993ல முதிர்ற பத்திரத்துல பணம் போட்டு வெச்சிருந்தது தெரிஞ்சு மோசடி கேஸ்ல ஜெயிலுக்குப் போனார். 2011 மே 21ன்னு சொன்ன தேதியும் பொய்யாத்தான் போச்சு. அடிபட்டது முக்காவாசி எளிய விசுவாசிங்கதான், அதுதான் எனக்குக் கோவமே. இயேசுவே உயிர்த்தெழுந்த பிறகு சீஷருங்க, ராஜ்யம் இப்பவான்னு கேட்டப்ப, "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த மூச்சுல நீங்க சாட்சிகளா இருப்பீங்கன்னு வேலையக் குடுத்தார். தெசலோனிக்கே ஊர் சபைக்கும் இதேதான், இயேசுவோட வருகை நாள் வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டு அங்க மனசு கலங்கிப் போச்சு, சிலர் வேலையே செய்யாம சுத்திட்டிருந்தாங்க, பவுல் கண்டிப்பா எழுதினார், வேலை செய்ய மனசில்லன்னா சாப்பிடவும் கூடாதுன்னு. அதே சபைக்கு முதல் நிருபத்துல வருகையப் பத்தி அவர் எழுதினது எதுக்கு? அங்க சில பேர் செத்துப் போயிருந்தாங்க, வீட்டுக்காரங்க அழுதுட்டிருந்தாங்க. எக்காள சத்தம், மேகம் எல்லாம் எழுதிட்டு, இந்த வார்த்தைகளால ஒருத்தர ஒருத்தர் தேத்துங்கன்னு முடிக்கறார். துக்க வீட்டுக்குன்னு எழுதின வசனம் அது. அத எடுத்து பயமுறுத்தற வீடியோ போடறவங்க கையில இருந்து நாம திரும்ப வாங்கணும்.

ஒரு செய்தி கேட்டா சரியா தப்பான்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நான் பாக்கறது இது: அத கேட்ட பிறகு நான் ஜெபிக்கறேனா, பக்கத்து வீட்டுக்காரர நேசிக்கறேனா, என் வேலைய ஒழுங்கா செய்யறேனா, இல்ல அடுத்த வீடியோவத் தேடறேனா. பேதுருவும் வானமும் பூமியும் எரிஞ்சு போகும்னு சொன்ன கையோட கேக்கற கேள்வி, அப்ப நீங்க எப்படிப்பட்ட பரிசுத்தமான நடக்கையுள்ளவங்களா இருக்கணும்ங்கறதுதான்.

ஆனா எரேமியாவுக்கு என்ன கிடைச்சுதுங்கற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கு. பேரப்பிள்ளைங்க திரும்பினாங்க சரி, அவர்? உயிர்த்தெழுதல் இல்லன்னா இதுக்குப் பதில் இல்லன்னுதான் நான் நம்பறேன். பவுல் 1 கொரிந்தியர் 15 முழுக்க உயிர்த்தெழுதலப் பத்தி, கடைசி எக்காளத்தப் பத்தி பேசிட்டு முடிக்கற வசனம் 58, கர்த்தருக்குள்ள நீங்க படற பிரயாசம் விருதாவா போகாது. கிறிஸ்து எழுந்துட்டார்ங்கறதுதான் நம்ம கையில இருக்கற பத்திரம், முத்திரை போட்டது. அதனாலதான் நீங்க படிக்கற படிப்பு, கட்டற குடும்பம், ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி பக்கத்துல உக்காந்த ராத்திரி, எதுவும் வீணில்ல, நீங்க பலனப் பாக்காம போனாலும். இத மட்டும் விட்டுடாதீங்க, படிப்புக்கு அப்ளை பண்ணுங்க, நல்ல பொண்ணு அமைஞ்சா வீட்ல பேசுங்க, எரேமியாவோட கடுதாசி காட்டற வழியும் அதுதான்.

வெளிப்படுத்தின விசேஷம் எப்படிப் படிக்கறதுன்னு கேட்டதுக்கும் சொல்லிடறேன். அத எழுதின யோவான் பத்மு தீவுல இருந்தார், தன்ன அறிமுகப்படுத்தும்போதே உங்க சகோதரன், உபத்திரவத்துல உங்க உடன்பங்காளன்னு சொல்றார். வாங்கினவங்க இன்னிக்குத் துருக்கியில இருக்கற ஏழு ஊர் சபைங்க. சிமிர்னா சபைக்கு, இப்ப இஸ்மீர்னு சொல்ற ஊரு, கண்டிக்கற வார்த்தை ஒண்ணு கூட இல்ல, நீ படப்போற பாட்டுக்குப் பயப்படாத, மரணபரியந்தம் உண்மையா இருன்னு மட்டும். அதே ஊர் சபையோட கண்காணி பாலிகார்ப்ப 2ம் நூற்றாண்டுல அரங்கத்துல நிறுத்தி கிறிஸ்துவ நிந்திச்சா விட்டுடறேன்னு சொன்னாங்க, 86 வருஷமா அவருக்கு ஊழியம் செஞ்சேன், அவர் எனக்கு ஒரு கெடுதியும் செய்யல, எப்படி என் ராஜாவ நிந்திப்பேன்னு கேட்டார் அந்த பெரியவர். அந்தப் புஸ்தகம் யாருக்கு எழுதினதோ அவங்க கிட்ட அது உண்டாக்கின பலம் இப்படித்தான் இருந்துச்சு.

அதனால 13ம் அதிகாரத்துல ஆரம்பிக்காதீங்க, அதுல வர்ற 666ங்கற மிருகத்தோட எண்ல ஆரம்பிச்சவங்க அங்கயே நின்னுடறாங்க. முதல்ல 1ல இருந்து 3 வரைக்கும், ஒவ்வொரு நாளைக்கு ஒரு சபைக்கான கடுதாசி. அப்புறம் 4, 5, அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி சிங்காசனத்துக்கு நடுவுல நிக்கற இடம், மீதி எல்லாம் அங்க இருந்துதான் புரியும். அப்புறம் நேரா 21, 22 படிச்சுட்டு, முடிவு தெரிஞ்ச பிறகு 6ல இருந்து திரும்ப வாங்க. முடிஞ்சா தனியா படிக்காம வீட்ல ஒருத்தர் சத்தமா வாசிக்க மத்தவங்க கேளுங்க, 1:3ல வாசிக்கறவனும் கேக்கறவங்களும் கைக்கொள்றவங்களும் பாக்கியவான்கள்னு இருக்கறதே அப்படி சபையில வாசிச்சதாலதான். முத்திரை, எக்காளம் வர்ற அதிகாரங்கள்ல விசுவாசிகளுக்குள்ளயே பல விளக்கம் உண்டு, கிறிஸ்து அரசாளற ஆயிர வருஷத்தப் பத்தி நல்ல தேவ மனுஷங்களே வேற வேற மாதிரி சொல்றாங்க, அதுக்காக யார் கூடவும் சண்டை போட வேண்டாம். புரியலன்னா குறிச்சு வெச்சுட்டு மேல போங்க. சந்தேகம் இருந்தா எந்த அதிகாரம், எந்த வசனம்னு எழுதுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.